வாழ வந்தோர் நாடு: சேர்வராயன் மலையின் குடித்தொகை வரலாறு

நாடு என்னும் சொல் இக்காலத்தே பரந்த எல்லையும் தனியரசும் உடைய தேயத்தையே பெரும்பாலும் குறிக்கின்றது. பண்டைத் தமிழில் அஃது அவ்வாறன்று. ஒரு குன்றும் அதனைச் சூழ்ந்த சில ஊர்களும்கூட நாடு எனப் பெயர் பெற்றன. பாரியின் பறம்பு நாட்டைக் கபிலர் முந்நூறு ஊர்களை உடையதாகப் புறநானூற்றில் எண்ணிக் கூறுகின்றார். ஒரு நாட்டின் பெருமையை அதன் ஊர்த்தொகையால் உரைக்கும் இம்மரபு மிகப் பழையது என்பது இதனால் விளங்கும்.

இப்பழம்பொருளில் நாடு என்னும் சொல் இன்றும் வழங்கும் இடங்கள் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மலைகளில் உள்ளன. கொல்லிமலையில் வாழவந்தி நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு முதலிய பெயர்களைக் காண்கின்றோம். சேர்வராயன் மலைவாழ் மலையாளியரும் தம் மலையைச் சேலநாடு, மொகநாடு, முட்டநாடு என மூன்றாகப் பகுத்து வழங்கி வந்தனர். இம்மலையில் ஏற்காட்டை அடுத்த ஊராட்சிகளுள் ஒன்று வாழவந்தி என்பது. வாழ்தற்கு வந்தமையைச் சுட்டுவது போல் அமைந்த அவ்வூர்ப்பெயரே எம்மை இவ்வாய்வுக்குத் தூண்டியது. இச்சிறு நாட்டில் வாழ வந்தோர் யாவர், எக்காலத்து எக்காரணத்தால் வந்தனர், அவர்தம் தொகை எவ்வாறு எண்ணப்பட்டது என்பனவற்றை ஈண்டு ஆராய்வாம்.

நாட்டின் அளவு

சேர்வராயன் மலை ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர்ப் பரப்புடையது. ஏற்காடு நகரம் கடல் மட்டத்திற்கு மேல் 1,500 மீட்டர் அளவில் அமைந்துள்ளது. ஏற்காட்டு ஊராட்சி ஒன்றியம் 67 மலைச்சிற்றூர்களை உடையது என்பர். 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ஏற்காடு வட்டத்தின் மக்கள் 40 ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர். அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர் பட்டியற் பழங்குடியினர்.

இத்தொகை சிறிதெனக் கருதுவார் ஐரோப்பாவின் லிக்டன்ஸ்டைன் நாட்டை நோக்குக. ஆல்ப்ஸ் மலைச்சாரலில் 160 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் ஏறத்தாழ 40 ஆயிரம் மக்களோடு அந்நாடு தனியரசு நடத்துகின்றது. ஐக்கிய நாடுகள் அவையில் அதற்கு ஓர் இருக்கையும் உண்டு. அந்நாட்டில் வாழ்வோருள் மூன்றிலொரு பங்கினர் அயல்நாட்டுக் குடியுரிமை உடையவர். அங்கே பிறப்பு, இறப்பு, குடிவரவு ஆகியன ஆண்டுதோறும் கணக்கிடப்பெற்று நூலாக வெளிவருகின்றன. மக்களளவில் அதனையொத்த எம் மலைநாட்டின் வரலாறோ மாவட்டப் பட்டியலின் ஒரு வரியில் அடங்கிவிடுகின்றது. சிறிய தொகை பெரிய தொகையினுள் மறையும்போது அச்சிறு தொகைக்குரிய மக்களின் நலமும் உடன் மறையும் என்பதை யாம் இங்கு நினைவுறுத்த விரும்புகின்றோம்.

முதற்குடிகள்

இம்மலையில் மக்கள் வாழ்க்கை எழுத்துச்சான்றுகளுக்கு நெடுங்காலம் முற்பட்டது. இராபர்ட் புரூஸ் பூட் சேர்வராயன் மலையிற் கிடைத்த புதிய கற்கால மெருகிட்ட கற்கோடரிகளைப் பற்றிக் குறித்துள்ளார். மலையூர்க் கோயில்களில் இத்தகைய கற்கருவிகள் வழிபடு பொருளாக வைக்கப்பெற்றிருத்தலும் அறிஞர் கண்டதேயாம். கருவி செய்தார் வேறு, அதனை வணங்குவார் வேறு ஆயினும், முன்னோர் விட்டுச் சென்றதைப் பின்வந்தோர் தெய்வமாகக் கொண்டனர்.

மலையாளியர் தம்மைக் காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் வழியினர் எனக் கூறுவர். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதி நூலில் அவர்தம் வழிவழிக் கதை பதிவாகியுள்ளது. அண்ணன் தம்பியர் மூவர் காஞ்சியினின்று புறப்பட்டனர். பெரியண்ணன் சேர்வராயன் மலையையும், நடுவண்ணன் பச்சைமலையையும், சின்னண்ணன் கொல்லிமலையையும் அடைந்தனர். இக்கதையின் சில வடிவங்களில், இவர்கள் வருமுன்பே வேடர் மலைகளில் வாழ்ந்தனர் என்பதும் வரும்.

இக்கதையை வரலாறெனக் கொள்ளுதல் இயலாது. முற்றும் புனைவெனத் தள்ளுதலும் முறையன்று. இவர்தம் தாய்மொழி தமிழே. கவுண்டர் என்னும் பட்டமும் இவர்க்குண்டு. சாமை, தினை, கேழ்வரகு முதலிய புன்செய்ப் பயிர்களை உழுதும் கொத்தியும் விளைத்தனர். இவை யாவும் சமவெளியோடு இவர்க்கிருந்த பழந்தொடர்பைக் காட்டுகின்றன. அன்றியும், கதை கூறுவோரே தம்மை வந்தேறிய குடியினராகக் கூறுகின்றனர் என்பது கருதத்தக்கது. மலைக்கு உரிமை கோருவோர் பலர் தாம் அம்மண்ணிலேயே தோன்றியதாகக் கூறல் உலக இயல்பு. சேர்வராயன் மலை மக்களோ தாமும் வாழ வந்தோரே என ஒப்பி உரைத்தனர்.

எண்ணத் தொடங்கிய காலம்

சென்னை மாகாணத்தில் முறையான முதற் குடிமதிப்பு 1871இல் நிகழ்ந்தது. அப்போது சேலம் மாவட்டத்தின் மக்கள் ஏறத்தாழ 19.67 லட்சம் பேர். பத்தாண்டு கழித்து 1881இல் அத்தொகை 16 லட்சமாகக் குறைந்தது. இடையில் நிகழ்ந்தது 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம். மக்கள் வழக்கில் தாது வருடப் பஞ்சம் எனப்படுவது. நூற்றுக்குப் பதினெண்மருக்கு மேற்பட்டோர் ஒரு மாவட்டத்தின் கணக்கினின்று மறைந்தனர். அவருள் மாண்டோர் பலர். ஊர்விட்டுப் பெயர்ந்தோரும் பலர். 1891இல்தான் தொகை மீண்டும் 19.6 லட்சத்தை எட்டியது. இருபதாண்டுக் காலம் மாவட்டம் வளராது நின்றது எனலாம். 1901இல் அது 22 லட்சமாயிற்று. அக்காலச் சேலம் மாவட்டம் இன்றைய தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகளையும் தன்னுட் கொண்டிருந்தது என்பதை இவ்வெண்களை ஒப்பிடுவோர் மறத்தலாகாது.

இப்பஞ்சத்தைக் கடந்தாலன்றி மலையின் குடிவரவை விளங்கிக்கொள்ளுதல் அரிது. நிலமும் தானியமும் இழந்த சமவெளிக் கூலியாளர் இலங்கைத் தோட்டங்களுக்கும், தென்னாட்டு மலைத் தோட்டங்களுக்கும் கங்காணிமார் வாயிலாகச் சென்ற காலம் அது.

காப்பியும் புதுக்குடிகளும்

சேலத்தில் 1820களில் ஆட்சித்தலைவராக இருந்த எம். டி. காக்பர்ன் என்பார் ஏற்காட்டில் காப்பிப் பயிரைப் புகுத்தினார். அதன் பயனாக மூவகைக் குடிகள் மலையேறின. முதல்வகையினர் ஐரோப்பியத் தோட்ட முதலாளிமாரும், அவரைச் சார்ந்த ஆங்கிலோ இந்தியரும். இரண்டாம் வகையினர் தோட்டக் கூலியாளர். தமிழரோடு தெலுங்கும் கன்னடமும் பேசுவோரும் இவருள் இருந்தனர். மூன்றாம் வகையினர் கடைக்காரர், வண்டிக்காரர், தச்சர், சமையற்காரர், கிறித்தவப் பணியாளர், பள்ளி ஆசிரியர் ஆகியோர். 1894இல் தொடங்கப்பெற்ற திருவிருதயக் கன்னியர் பள்ளியும், 1917இல் தோன்றிய மான்போர்ட் பள்ளியும் வெளியூர் மாணவரை ஈர்த்து, ஏற்காட்டைப் பள்ளி நகரமாக்கின.

இதனால் ஒரு மலையில் இருவேறு குடியமைப்புகள் தோன்றின. ஏற்காடு நகரமும் தோட்டங்களும் பல மொழியும் பல சமயமும் கலந்தவை. ஏனைய மலையூர்களோ பெரும்பாலும் ஒரே இனத்தவர் வாழ்பவை. தோட்ட லயங்களின் தொகை காப்பி விலையோடு ஏறி இறங்கியது. இலைத்துரு நோயும் பிரேசில் நாட்டுக் காப்பியின் போட்டியும் வந்தபோது வேலை குறைந்தது. வேலை குறைந்தபோது ஆளும் குறைந்தனர். மலையூர்களின் தொகையோ மழையையும் சாமை விளைவையும் காட்டையும் சார்ந்து நின்றது. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டத்தின் பின் காடுகள் ஒதுக்கக் காடுகளாயின. கொத்துக்காட்டு வேளாண்மை சுருங்கிற்று. தன் நிலத்தில் உழைத்த மலைக்குடியினன் அண்டை வீட்டானைப் போலவே தோட்டக் கூலியானான். வந்தவர்க்கும் இருந்தவர்க்கும் இடையே பொருளியல் வேறுபாடு மங்கத் தொடங்கியது இவ்வாறேயாம். 1947க்குப் பின் ஐரோப்பியர் பெரும்பாலும் நீங்கினர். தோட்டங்கள் இந்தியர் கைக்கு மாறின.

பெயரால் விளைந்த இடர்

குடிமதிப்பு என்பது எண் மட்டுமன்று, பெயருமாம். எப்பெயரால் ஒருவன் எண்ணப்படுகின்றானோ அப்பெயரே அவன் உரிமையை வரையறுக்கின்றது. மலையாளி என்னும் பெயர் மலையை ஆள்பவன் எனப் பொருள்படும். அதுவே கேரள நாட்டு மலையாள மொழியினரையும் குறித்தலால் கேட்போர்க்கு மயக்கம் விளைகின்றது. கவுண்டர் என்னும் பட்டமோ கொங்கு வேளாளர் பட்டத்தோடு ஒத்தலால் மற்றொரு மயக்கத்துக்கு இடனாகின்றது. முதற்பெயரைச் சொன்னால் அயலான் எனவும், இரண்டாவதைச் சொன்னால் சமவெளியான் எனவும் கருதப்படும் நிலை இவர்க்கு நேர்ந்தது.

சட்டமும் இவ்விடரை முற்றும் நீக்கவில்லை. 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் வாழும் மலையாளியரே பட்டியற் பழங்குடியினராவர். ஈரோட்டு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளியர் இவ்வெல்லைக்குப் புறம்பாயினர். அவர்கள் இவ்வுரிமை வேண்டி நெடுங்காலமாக முறையிட்டு வந்துள்ளனர். ஒரே கதையும் ஒரே மொழியும் உடைய ஓரினம் மாவட்ட எல்லைக் கோட்டினால் இருவேறு கணக்கில் வைக்கப்பட்டமை வரலாற்றாசிரியர் கருதத்தக்கது.

அண்மைக்கால எண்கள்

தமிழ்நாட்டுப் பட்டியற் பழங்குடியினர் 1991இல் 5,74,194 பேர். 2001இல் 6,51,321 பேர். 2011இல் 7,94,697 பேர். இறுதிப் பத்தாண்டில் இவர்தம் பெருக்கம் நூற்றுக்கு 22 ஆக, மாநில முழுமைக்கும் அது 15.6 ஆகவே இருந்தது. இதனை மட்டும் காண்போர் பழங்குடியினர் மிக விரைந்து பெருகுகின்றனர் என முடிவு கட்டக்கூடும். ஆயின் அவருள் முதன்மையினரான மலையாளியரின் தொகையைத் தனியே நோக்குவாம். 2001இல் 3,10,042 ஆக இருந்த அது 2011இல் 3,57,980 ஆயிற்று. பெருக்கம் நூற்றுக்கு 15.5 அளவே, மாநிலத்தின் பொதுவளர்ச்சியோடு அஃது ஒத்துள்ளது. பழங்குடியினருள் மலையாளியர் பங்கும் நூற்றுக்கு 47.6இலிருந்து 45 ஆகக் குறைந்தது. எனவே தொகுப்பெண் காட்டும் விரைவு இவர்க்குரியதன்று என்பது தெளிவு. பல்வேறு இனத்தவரை ஒரு தலைப்பின்கீழ்த் தொகுத்து அவர்தம் இயல்பை உரைப்பது பிழைக்கு வழியாகும்.

2011இல் சேலம் மாவட்ட மக்கள் 34,82,056 பேர். அவருட் பழங்குடியினர் 1,19,369 பேர். மாநிலத்தில் நூற்றுக்கு ஒருவர் அளவே பழங்குடியினராக இருக்க, இம்மாவட்டத்தில் அவர் மூவரினும் மிக்கனர். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்ட தொகுதிகள் ஏற்காடு, சேந்தமங்கலம் என்னும் இரண்டே. ஏற்காட்டுத் தொகுதி அடிவாரச் சமவெளி ஊர்களையும் உட்கொண்டது. எனவே மலையின் பெயர் தாங்கிய இருக்கைக்கு வாக்களிப்போருள் மலையில் வாழ்வோர் சிறுபான்மையராயினர்.

மற்றொரு செய்தியும் கூறத்தக்கது. சேலம் மாவட்டம் பெண்சிசுக் கொலையால் பழியுற்றது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் இம்மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டது. ஆறு வயதுக்குட்பட்ட ஆண்மகவு ஆயிரத்துக்குப் பெண்மகவு 2001இல் 851, 2011இல் 916. இந்திய நாட்டளவில் 2011இல் இவ்விகிதம் எல்லா மக்களுக்கும் 919 ஆகவும், பழங்குடியினர்க்கு 957 ஆகவும் இருந்தது. பின்தங்கியோர் எனப்படுவாரிடம் பெண்மகவு பிழைத்து வாழ, முன்னேறியோர் எனப்படுவாரிடம் அது குறைந்தமை நம் பண்பாட்டை நாமே வினவிக்கொள்ளத் தக்கதாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சேர்வராயன் மலையின் குடித்தொகை ஒரே சீராக வளர்ந்த ஒன்றன்று என்பது பெறப்படும். கற்கோடரி செய்தார், காஞ்சியினின்று வந்தோம் என்பார், பஞ்சத்தால் பெயர்ந்தார், காப்பியை நம்பி ஏறினார், பள்ளி நாடி வந்தார் எனப் படிப்படியாக அமைந்தது அது. யார் முந்தியோர் என்னும் வினாவுக்கு விடை வேறு. யார்க்கு நிலமும் காடும் பறிபோயின என்னும் வினாவுக்கு விடை வேறு. பின்னதற்கு விடை மலைக்குடியினர் என்பதே. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அதனை ஒப்புக்கொண்டுள்ளது. மலைக்குடியினரும் வந்தோரே எனக் கூறி அவ்வுரிமையை மறுத்தல் கதையைக் காரணமாகக் காட்டி வரலாற்றை மறைப்பதாகும்.

2021இல் நிகழ வேண்டிய குடிமதிப்பு தள்ளிப்போயிற்று. 2027ஆம் ஆண்டுக் குடிமதிப்பு, 1931க்குப் பின் முதன்முறையாக எல்லாச் சாதியினரையும் எண்ணும் என இந்திய அரசு 2025இல் அறிவித்தது. அதற்கு முன்னரே தமிழாய்வாளர் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. தோட்டங்களின் ஆட்பதிவேடு, கோயில்களின் ஞானமுழுக்கு ஏடு, பள்ளிச் சேர்க்கை ஏடு, சேர்வராயன் கோயில் வைகாசி விழாவில் ஊர்களுக்குரிய முறைமை ஆகியவற்றை ஊர்வாரியாகத் தொகுத்தல் வேண்டும். கபிலர் பறம்பின் ஊர்களை எண்ணியது அந்நாட்டை நன்கு அறிந்தமையால். ஊரறியாது எண்ணப்படும் எண் ஏட்டில் நிற்கும். அவ்வெண்ணுக்குரிய மக்களை அது காட்டாது. வாழவந்தி முதலிய மலையூர்களின் வரலாறு அவ்வூரார் வாயிலிருந்தே எழுதப்படுதல் வேண்டும் என்பது எம் துணிபு.