9-ஆம் சங்கீதத்தின் இறுதி வேண்டுதல்

நாட்டினங்களுக்கு நியாயம் தீர்க்குமாறு இறைவனை வேண்டி முடிகின்றது எபிரேய வேதத்தின் 9-ஆம் சங்கீதம். அதன் முற்பகுதி பகைவர் அழிவைப் பாடுதலின், இவ்வேண்டுதலைப் பழிவேட்கை எனக் கொள்வாரும் உளர். இறுதி அடிகளோ, அவ்வினங்கள் தம்மை மனிதரே என்று உணர்தலையே வேண்டுகின்றன. ஆங்கு வரும் ‘எனோஷ்’ என்னும் சொல், நலிந்து மாயும் இயல்புடைய மனிதனைக் குறிப்பதாம்.

அவ்விடத்து ‘மோரா’ என்னும் சொல்லுக்கு அச்சம் என்று பொருள் கொள்வர் பலர். கிறித்துவுக்கு முற்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்போ, சட்டம் வகுப்போன் என்று கொண்டது. அம்மொழிபெயர்ப்பு 9, 10-ஆம் சங்கீதங்களை ஒரே பாட்டாகவும் கொள்கின்றது. 10-ஆம் சங்கீதத்தின் இறுதியிலும் ‘எனோஷ்’ வருகின்றது. ஆங்கு நியாயம் பெறுவோர் திக்கற்றோரும் ஒடுக்கப்பட்டோருமே. எனவே அச்சம் எனினும் சட்டம் எனினும் வேண்டப்படுவது ஒன்றே: வலியார் தம் வரம்பறிய, எளியார் அஞ்சாது வாழ்தல்.