ஒரு குடும்பத்தின் பணமும் 52 பாடங்களும்

நம் குடியிருப்பில் பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இது சகஜமாகிவிட்டது. வகுப்பில் பாடம் புரியவில்லை என்றால் உடனே யூடியூபைத் திறக்கிறார்கள். அரை மணி நேரத்தில் யாரோ ஒருவர் பொறுமையாக விளக்கிவிடுகிறார், கட்டணமும் கிடையாது. நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். இப்படி நல்ல பாடங்களைப் படமாக்கி எல்லோருக்கும் பொதுவில் வைக்கலாம் என்ற எண்ணம் இணையத்துக்கு முன்பே இருந்தது. அமெரிக்காவில் அதற்குப் பெருந்தொகை கொடுத்தது ஒரு பத்திரிகைக் குடும்பம். அந்த ஆனென்பர்க் குடும்பத்தின் கதையை இந்த இதழில் பார்ப்போம்.

கதை அவ்வளவு கௌரவமாகத் தொடங்கவில்லை. மோசஸ் ஆனென்பர்க், கிழக்கு பிரஷ்யாவிலிருந்து சிறுவயதில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்கு வந்தவர். சிகாகோவில் நாளிதழ் விற்பனைப் பிரிவில் வேலை செய்து படிப்படியாக முன்னேறினார். குதிரைப் பந்தயச் செய்திகளை அச்சிடும் ‘டெய்லி ரேசிங் ஃபார்ம்’ என்ற பத்திரிகையை வாங்கினார். பந்தய முடிவுகளைத் தந்தி வழியே ஊர் ஊராக அனுப்பும் தொழிலிலும் இறங்கினார். பணம் கொட்டியது. 1936-ல் ‘பிலடெல்ஃபியா இன்க்வயரர்’ நாளிதழையும் வாங்கினார்.

1939-ல் வருமான வரி ஏய்ப்பு வழக்கில் சிக்கினார். மறு ஆண்டு குற்றத்தை ஒப்புக்கொண்டார். 80 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்தார். மூன்று ஆண்டுச் சிறைத் தண்டனையும் கிடைத்தது. மகன் வால்டர் மீதும் போடப்பட்டிருந்த வழக்கு அந்த ஒப்பந்தத்தின்படி கைவிடப்பட்டது. 1942-ல் விடுதலையாகி வந்த மோசஸ் சில வாரங்களிலேயே இறந்துபோனார். கடன் சுமையும் கெட்ட பெயரும் சேர்ந்த ஒரு நிறுவனம் முப்பத்து நான்கு வயது வால்டரின் கைக்கு வந்தது.

வால்டர் அதைத் தூக்கி நிறுத்தினார். 1944-ல் இளம்பெண்களுக்காக ‘செவன்டீன்’ இதழைத் தொடங்கினார். 1953 ஏப்ரலில் வந்தது ‘டிவி கைடு’. எந்தச் சேனலில் எத்தனை மணிக்கு என்ன நிகழ்ச்சி என்று சொல்லும் சிறிய வாரப் பத்திரிகை. சில நகரங்களில் தனித்தனியாக வந்துகொண்டிருந்த உள்ளூர் டிவி வழிகாட்டி இதழ்களை வாங்கி, நாடு முழுவதற்கும் ஒரே இதழாக ஆக்கியதுதான் அவர் செய்த காரியம். பின்னாளில் அது வாரத்துக்கு ஒன்றரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது.

டிவியால் பணக்காரரான அவருக்கு, டிவியால் பாடமும் நடத்தலாம் என்ற நம்பிக்கை ஆரம்பத்திலிருந்தே இருந்தது. 1950-களின் தொடக்கத்திலேயே பிலடெல்ஃபியாவில் இருந்த அவருடைய டிவி நிலையம் ‘யுனிவர்சிட்டி ஆஃப் தி ஏர்’ என்ற பெயரில் பேராசிரியர்களின் பாடங்களை ஒளிபரப்பியது. 1969 முதல் 1974 வரை அவர் லண்டனில் அமெரிக்கத் தூதராக இருந்தார். வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டிலிருந்து படிப்பவர்களுக்காக பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி பாடம் நடத்தத் தொடங்கியது அதே காலத்தில்தான், 1971-ல்.

1981-ல் வால்டர் பெரிய அறிவிப்பு ஒன்றைச் செய்தார். அமெரிக்காவின் பொது ஒளிபரப்புக் கழகத்தோடு சேர்ந்து கல்லூரித் தரப் பாடங்களை டிவிக்காகத் தயாரிக்க, 15 ஆண்டுகளில் 15 கோடி டாலர் தருவதாகச் சொன்னார். திட்டம் எளிமையானது. மாணவர் வீட்டில் டிவியில் பாடத்தைப் பார்ப்பார், கூடவே வரும் புத்தகத்தைப் படிப்பார், பக்கத்துக் கல்லூரியில் பெயர் பதிந்து தேர்வு எழுதி மதிப்பெண் பெறுவார். பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கும் குழந்தையை விட்டு வெளியே போக முடியாத தாய்மார்களுக்கும் இது ஒரு வாசலைத் திறந்தது.

அப்படி வந்த மூன்று தொடர்களை மட்டும் சொல்கிறேன். மூன்றுக்கும் 52 பகுதிகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம்.

முதலாவது, 1985-ல் வந்த ‘தி மெக்கானிக்கல் யுனிவர்ஸ்’. கால்டெக்கில் இயற்பியல் பேராசிரியர் டேவிட் குட்ஸ்டீன் வகுப்பறையில் பேசத் தொடங்குவார். பிறகு சூத்திரங்கள் திரையில் தாமாக நகர்ந்து, இடம் மாறி, சுருங்கி விடையாகும். அந்தக் கணினி அசைபடங்களைச் செய்தவர் ஜிம் பிளின். வாயேஜர் விண்கலம் கோள்களைக் கடந்து செல்வதை அசைபடமாகக் காட்டியவரும் அவரே.

இரண்டாவது, 1987-ல் வந்த ‘ஃப்ரெஞ்ச் இன் ஆக்‌ஷன்’. யேல் பல்கலைக்கழகத்தின் பியர் கப்ரெட்ஸ் உருவாக்கியது. ஒரு இளைஞன், ஒரு பெண், அவர்களுடைய கதை. முதல் பாடத்தைத் தாண்டினால் பிறகு எல்லாம் பிரெஞ்சு மொழியிலேயே நடக்கும். குழந்தை தாய்மொழியைப் பிடித்துக்கொள்வதுபோல் நீங்களும் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாவது, 1992-ல் வந்த ‘டெஸ்டினோஸ்’. நம் வீட்டு மெகா சீரியல் ரசிகர்களுக்கு இது நிச்சயம் பிடிக்கும். போரில் இறந்துவிட்டதாக நினைத்த முதல் மனைவியைப் பற்றி மெக்சிகோவில் ஒரு முதியவருக்குக் கடிதம் வருகிறது. உண்மையைக் கண்டுபிடிக்க ஒரு பெண் வழக்கறிஞர் நாடு நாடாகப் போகிறார். அடுத்து என்ன ஆகும் என்ற ஆவலிலேயே ஸ்பானிஷ் மொழி மண்டையில் ஏறிவிடும்!

1988-ல் வால்டர் தம் பத்திரிகைகளை ரூபர்ட் மர்டாக்குக்குச் சுமார் 300 கோடி டாலருக்கு விற்றார். அதில் 120 கோடியை வைத்து 1989-ல் ஆனென்பர்க் அறக்கட்டளையைத் தொடங்கினார். நம் குடியிருப்பின் கார்பஸ் ஃபண்டை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் அப்படியே இருக்கும், அதன் வருமானத்திலிருந்து செலவு நடக்கும். அமெரிக்கச் சட்டப்படி இத்தகைய அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் சொத்தில் 5 சதவீதம் அளவுக்காவது செலவிட்டாக வேண்டும். அதற்குப் பதிலாக அவற்றுக்கு வரிச்சலுகை உண்டு. வரிக் குற்றத்துக்காகத் தந்தை சிறை சென்ற குடும்பம் இது. மகனோ அரசு கொடுத்த வரிச்சலுகையோடு அறம் செய்கிறார். அந்தச் சலுகை இருப்பதால், அறக்கட்டளைப் பணத்தில் மக்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அது எப்படிச் செலவானது என்று கேட்கவும் மக்களுக்கு உரிமை உண்டு.

கேட்டால் இரண்டு விதமான பதில் கிடைக்கிறது. 1993 டிசம்பரில், அதிபர் கிளிண்டன் உடனிருக்க, அரசுப் பள்ளிகளைச் சீர்திருத்த 50 கோடி டாலர் தருவதாக வால்டர் அறிவித்தார். டிவிப் பாடங்களுக்குக் கொடுத்ததைப்போல மூன்று மடங்குக்கும் மேல். உள்ளூரிலும் பணம் திரட்டிச் சேர்க்க வேண்டும் என்பது நிபந்தனை. சுமார் 2,400 பள்ளிகளுக்குப் பணம் போனது. சிகாகோவுக்கு மட்டும் ஏறத்தாழ 5 கோடி. அங்கு அந்த நிதியை நிர்வகித்த குழுவுக்குச் சில ஆண்டுகள் தலைவராக இருந்தவர், அப்போது அதிகம் அறியப்படாத பராக் ஒபாமா. சிகாகோவில் ஆய்வாளர்கள் இறுதியில் கணக்குப் பார்த்தபோது, பணம் பெற்ற பள்ளிகளின் தேர்வு மதிப்பெண்களுக்கும் பெறாத பள்ளிகளின் மதிப்பெண்களுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

ஏன் இப்படி? யாரோ பணத்தைச் சாப்பிட்டுவிட்டார்கள் என்று முடிவுகட்ட வேண்டாம். ஒரு பாடத்தைப் படமாக்கி முடித்தால் வேலை முடிந்தது. அதன்பின் கொடையாளி பணத்தை நிறுத்தினாலும் பாடம் இருக்கும். பள்ளிக்கூடம் அப்படியல்ல. ஆசிரியர் மாறுவார், தலைமையாசிரியர் மாறுவார், ஒவ்வொரு ஜூனிலும் புதுப் பிள்ளைகள் வருவார்கள். அங்கு நல்ல பழக்கம் ஒன்றை நிலைநிறுத்த வேண்டுமென்றால் ஒருவர் தினமும் கூட இருக்க வேண்டும். பல பள்ளிகளுக்குப் பிரித்துச் சில ஆண்டுகள் கொடுத்த பணம் அந்த வேலையைச் செய்யாது.

டிவிப் பாடத்துக்கும் எல்லை உண்டு. சந்தேகம் கேட்டால் திரை பதில் சொல்லாது. அந்தத் திட்டத்திலும் புத்தகம், கல்லூரி, தேர்வு, திருத்தித் தர ஒரு ஆசிரியர் எல்லாம் சேர்ந்தே இருந்தன. அதனால் பிள்ளை கையில் வீடியோவைக் கொடுத்துவிட்டு நம் கடமை முடிந்தது என்று நீங்கள் எழுந்துபோக முடியாது.

நம் வளாகத்துக்கு வருவோம். யாராவது பெரிய மனதோடு நூலகம் வைக்கவோ, மாலை வகுப்பு நடத்தவோ பணம் தர முன்வந்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வோம். வாங்கும் அன்றே இரண்டு கேள்விகளையும் கேட்டுவைப்போம். கொடுத்தவர் போன பிறகும் இது இருக்குமா? இருக்க வேண்டுமானால் ஐந்தாம் ஆண்டில் சாவியைக் கையில் வைத்துத் திறந்து மூடப் போவது யார்? இரண்டாவது கேள்விக்கு ஒரு பெயர் கிடைத்தால்தான் பொதுக்குழுவில் கைதட்ட வேண்டும்.

வால்டர் 2002-ல் காலமானார். அவரோடு கைகோத்த பொது ஒளிபரப்புக் கழகமும், அரசு நிதி வெட்டப்பட்டதால் மூடப்போவதாக 2025-ல் அறிவித்தது. பேராசிரியர் குட்ஸ்டீன் 2024-ல் மறைந்தார். அவருடைய 52 இயற்பியல் பாடங்களைக் கால்டெக் யூடியூபில் ஏற்றி வைத்திருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பாடத்தைச் சேர்ந்து பாருங்கள். நடுவில் கேள்வி வந்தால் நிறுத்திப் பேசுங்கள்.