பாதி யந்திரம், பாதி கை

ஹாம் ரேடியோ அபிமானி ஒருவரின் அறைக்குள் நுழைகிறவர்களின் கண்ணை, வால்வுகள் ஒளிரும் பெரிய ரிசீவர்களும் யுத்தகாலத்து டிரான்ஸ்மிட்டர்களும் முதலில் கவர்வது இயல்பேயாயினும், அவர் தாமாகவே ஆசையோடு எடுத்துத் துடைத்துக் காட்டும் பொருள் பல வேளைகளில் ஆறங்குலத்துக்குச் சற்றே அதிகமான நீளமும், அந்த உருவத்துக்குப் பொருந்தாத கனமும் உடைய ஒரு சிறு உலோகச் சாதனமாக இருக்கும். அதன் பெயர் வைப்ரோப்ளெக்ஸ்; அதைக் கையாள்பவர்கள் 'பக்' என்று செல்லமாகச் சொல்வார்கள். கறுப்பு அடிப்பலகை, அதன் ஓரத்தில் பொன்னிறக் கோடு, நிக்கல் முலாம் பூசிய தண்டுகள், ஒரு பூச்சியின் உருவம் பொறித்த பித்தளைத் தகடு என்று பார்வைக்கு ஆபரணம் போலவே இருக்கும் இந்தச் சாதனம், உண்மையில் கைவலியின் நிமித்தமாகப் பிறந்தது.

1844இல் ஸாமுவேல் மோர்ஸ் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குச் செய்தி அனுப்பியது முதல் ஏறக்குறைய அறுபது வருஷ காலம், தந்தி அடிப்பவர்களில் பெரும்பாலோர் மேலும் கீழுமாக அழுத்தும் சாவியைத் தவிர வேறொன்றை அறியார். அமெரிக்க ரயில்வேக்களும் தந்திக் கம்பெனிகளும் வழங்கிய பழைய மோர்ஸ் சங்கேதத்தில் 'ஹெச்' என்ற எழுத்துக்கு நான்கு புள்ளி, 'பி' என்ற எழுத்துக்கு ஐந்து புள்ளி. இப்படிப்பட்ட எழுத்துக்களைக் காலை முதல் மாலை வரை ஆயிரக்கணக்கில் அடித்த மணிக்கட்டு, சில வருஷங்களில் சொன்ன பேச்சைக் கேட்க மறுத்துவிடும். 'கண்ணாடிக் கை' என்று அவர்கள் அஞ்சிய வியாதி இதுவே. அது வந்தவனுக்குப் பிழைப்புப் போயிற்று; கம்பெனி அவனுக்கு உபகாரச் சம்பளம் கொடுத்து உட்கார்த்தி வைக்கும் காலமல்ல அது.

இந்தக் கஷ்டத்துக்குப் பரிகாரம் தேடியவர்களுள் ஹோரேஸ் மார்ட்டின் முதன்மையானவர். ஆட்டோப்ளெக்ஸ் என்று அவர் முதலில் செய்த சாதனத்துக்குத் தனியே பாட்டரி வேண்டியிருந்தது. அந்தத் தொந்தரவே அதற்குத் தடையாயிற்று. 1904இல் காப்புரிமை பெற்ற வைப்ரோப்ளெக்ஸுக்கோ பாட்டரியே தேவையில்லை. அதில் சாவியை அழுத்துவதில்லை, பக்கவாட்டில் தள்ளுகிறோம். கட்டைவிரலால் வலப்புறம் தள்ளினால், மெல்லிய எஃகுத் தகடொன்றின் நுனியில் பொருத்தப்பட்ட நீண்ட தண்டு துடிக்கத் தொடங்கி, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு புள்ளியாக, விரலை எடுக்கும் வரை தானே அடித்துக்கொண்டு போகும். எடுத்த கணத்தில் பின்னாலுள்ள ஒரு சிறு சக்கரத்தில் தட்டி அடங்கும். தண்டின்மேல் நகரும் எடையை நுனிக்குத் தள்ளினால் துடிப்பு மந்தமாகும், உள்ளே இழுத்தால் துரிதமாகும். ஆள்காட்டி விரலால் இடப்புறம் தள்ளினால் வருவது கோடு. ஆனால் இந்தக் கோட்டில் யந்திரத்தின் உதவி எதுவும் கிடையாது; ஒவ்வொரு கோட்டையும், அதன் நீளத்தையும், அடிப்பவனே தீர்மானிக்க வேண்டும்.

புள்ளி யந்திரத்தினுடையது, கோடு மனிதனுடையது. இந்த அரைகுறைத் தன்மைதான், குறை என்று தள்ளப்படுவதற்குப் பதிலாக, நூறு வருஷத்துக்கு மேலாக அந்தச் சாதனத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

மார்ட்டினின் சாதனத்தை நாடெங்கும் பரப்பியவர் ஆல்பிரைட் என்ற நியூயார்க் டைப்ரைட்டர் வியாபாரி. தந்தி வேலைக்காரர்கள் வரும் செய்தியைக் கேட்டபடியே டைப் அடித்தவர்களாதலால், அவர்களுடைய சங்கதியெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். 1920களின் விளம்பரங்களில் கறுப்பு அடிப்பலகை உள்ளது 17 டாலர், நிக்கல் பூச்சுள்ளது 19 டாலர். சம்பளக்காரனுக்கு அது சிறு தொகையன்று. ஆகவே ரயில்வே பட்டறைகளிலும் சிறு தொழிற்சாலைகளிலும் களவாகச் செய்யப்பட்ட நகல்கள் ஏராளமாகக் கிளம்பின. ஆல்பிரைட் செய்தவர்கள்மீது வியாஜ்யம் தொடுத்தார். ஆனால் வாங்கியவர்களிடம் மட்டும் சாமர்த்தியமாக நடந்துகொண்டார். ஒரு கட்டணம் செலுத்தினால் அந்த நகலுக்கே 'எல்' என்ற எழுத்தில் தொடங்கும் எண் பொறித்த உரிமத் தகடு கொடுத்து அதை நியாயமான சாதனமாக்கிவிடுவார். அன்று அபராதச் சின்னமாக ஒட்டப்பட்ட அந்தத் தகடு உள்ள நகல்களைச் சேகரிப்போர் இன்று தேடியலைகிறார்கள் என்பது வேடிக்கை. கிளீவ்லண்டில் மெக்கோகிராப் என்ற போட்டிக் கம்பெனி, தண்டை முன்கூட்டியே இழுத்துப் பிடித்து வைத்து, தள்ளும்போது விடுவிக்கும் வேறொரு உபாயத்தைக் கையாண்டது. அதையும் 1913இல் வைப்ரோப்ளெக்ஸ் விழுங்கிவிட்டது.

தந்திக் கம்பியிலிருந்து இது வானொலிக்கு வந்தது தானாக நிகழ்ந்த காரியம். தந்தி ஆபீஸில் பழகிய விரல்கள் கப்பல்களின் ரேடியோ அறைக்குப் போயின. வீட்டில் அமெச்சூர் நிலையம் அமைத்தன. சங்கேதம் மாறிச் சர்வதேச மோர்ஸ் ஆயிற்றே தவிர, கை மாறவில்லை. ஆனால் வந்த இடத்தில் ஒரு சிக்கல். பக்கின் புள்ளிகள் இயல்பாகவே வேகமானவை. பழக்கமில்லாதவன் கையில் புள்ளிகள் குதிரையாய்ப் பாய, கோடுகள் மாட்டுவண்டியாய்ப் பின்னால் வரும். இதற்கஞ்சியே அமெரிக்கக் கடற்படை, தனிச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு மட்டும் பக்கை அனுமதித்தது. மறுபுறம், தேர்ந்தவர்கள் கோட்டை வேண்டுமென்றே நீட்டியும் குறுக்கியும் ஒருவித லயத்தை உண்டாக்கினார்கள். ஈரி ஏரிப் பக்கத்துக் கப்பல்காரர்களின் ஆட்டம் என்று ஒரு பாணிக்குப் பெயரே உண்டு. குரலைக் கேட்டு ஆளை அறிவதுபோல, பெயர் சொல்லுமுன்பே அடிப்பவர் யாரென்று அறிந்துவிடலாம். எலெக்ட்ரானிக் கீயர் வந்து புள்ளியையும் கோட்டையும் ஒரே அளவாக வெட்டிக் கொடுக்கத் தொடங்கிய பிறகு, மறைந்துபோனது அந்த அடையாளம்தான்.

அபூர்வ வகைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் அதற்கு முடிவில்லை. 1914இல் வந்த 'ப்ளூ ரேசர்', புள்ளிக்கும் கோட்டுக்கும் ஒரே தொடுமுனையை வைத்துக்கொண்ட 'மாடல் எக்ஸ்', நெருக்கடியான மேஜையில் இடம் மிச்சமாகட்டுமென்று தண்டைச் செங்குத்தாக நிறுத்திச் சில வருஷங்களே விற்கப்பட்ட 'அப்ரைட்', இடக்கைக்காரர்களுக்கென்று தனியே செய்த பிரதிகள் இவையெல்லாம் வைப்ரோப்ளெக்ஸின் சொந்தக் குழந்தைகள். 1939இல் நிமிஷத்துக்கு 75.2 வார்த்தை வாங்கி எழுதிச் சாதனை புரிந்த பாஸ்டன்காரர் டெட் மக்எல்ராய் தம் பெயரால் 'மாக்-கீ' செய்து விற்றார். இங்கிலாந்தின் எடிஸ்டோன் நீர்த்துளி வடிவமான மூடிக்குள் ஒரு பக்கைப் பொதிந்து வெளியிட்டது. இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்க ராணுவத்துக்கு 'ஜே-36' என்ற பக்கைச் செய்து கொடுத்தவர்களுள் ஒருவர், குழந்தைகளின் விளையாட்டு ரயில்களால் பிரசித்தி பெற்ற லயனல் கம்பெனியார். 1942இல் பொம்மை ரயில் உற்பத்தி நின்றுபோக, அவர்களுடைய தொழிற்சாலை இத்தகைய வேலைகளுக்குத் திரும்பியது.

கோட்டையும் யந்திரத்திடமே ஒப்படைத்தவர்களும் இருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் 'ஆட்டோமோர்ஸ்', கலிபோர்னியாவின் 'மெலஹான் வேலியன்ட்' இரண்டிலும் புள்ளிக்கு ஒரு துடிப்பும் கோட்டுக்கு ஒரு துடிப்பும் உண்டு. மின்சாரமின்றி எடையாலும் எஃகுச் சுருளாலும் மட்டுமே இதைச் சாதித்த நுட்பம் வியக்கத்தக்கது. சேகரிப்போர் இவற்றுக்கு மிகுந்த விலை கொடுக்கிறார்கள், வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைக்கிறார்கள். ஆனால் இராத்திரி உட்கார்ந்து யாரோடாவது பேச வேண்டுமானால் அவர்களுடைய கை போவது பழைய பக்கிடம்தான். அதன் வேகம் கட்டுக்கடங்காவிட்டால், துணி உலர்த்தும் க்ளிப் ஒன்றையோ, தூண்டிலுக்குப் போடும் ஈயக் குண்டையோ தண்டின் நுனியில் மாட்டிக்கொள்வார்கள். புள்ளி கரகரத்தால் தொடுமுனைச் சுருளில் சிறு பஞ்சுத் துண்டைச் செருகுவார்கள்.

1999இல் கப்பல்கள் மோர்ஸைக் கைவிட்டன. 2007இல் அமெரிக்க அமெச்சூர் பரீட்சையிலிருந்தும் அது நீங்கியது. இருந்தும் வைப்ரோப்ளெக்ஸ் கம்பெனி, கைகள் பல மாறி, டென்னஸியின் நாக்ஸ்வில் நகருக்குக் குடிபெயர்ந்து, 1905இல் விற்பனைக்கு வந்த அதே மாதிரியைப் பெரிய மாற்றமின்றிச் செய்துகொண்டிருக்கிறது. பழையதை வாங்குகிறவர்கள், தகட்டிலுள்ள எண்ணையும் பிராட்வே விலாசத்தையும் கொண்டு வயதைக் கணிக்கிறார்கள். புதுப் பூச்சுப் பூசிப் பளபளப்பாக்கியதைவிட, பொன்னிறக் கோடு தேய்ந்து கட்டைவிரல் பட்ட இடம் மழுங்கிய பிரதியே மேல் என்பார்கள், நானும் அந்தக் கட்சியே. அதைவிட முக்கியமாக அவர்கள் விசாரிப்பது, கூடவே ஆப்பு இருக்கிறதா என்பதுதான். அந்தக் காலத்தில் சாதாரணச் சாவி ஆபீஸுக்குச் சொந்தம், பக் வேலைக்காரனுக்குச் சொந்தம். வேலைக்கு வந்ததும் அவன் தன் பக்கிலிருந்து வரும் கம்பியின் நுனியிலுள்ள தட்டையான ஆப்பை ஆபீஸ் சாவியின் தொடுமுனைகளுக்கிடையே செருகி இணைத்துக்கொள்வான், முடிந்ததும் பிடுங்கிப் பெட்டியில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போவான். எடையையும் திருகையும் வேறிடத்தில் வாங்கிப் பொருத்திவிடலாம். ஆப்போ பெரும்பாலும் கம்பியோடு அறுந்து தொலைந்துபோயிருக்கும்.