நேரத்தைப் பிடித்து வைத்த பெட்டி

1976-ல் யுனிவர்சல், டிஸ்னி ஆகிய இரண்டு ஹாலிவுட் நிறுவனங்களும் சோனியை நீதிமன்றத்துக்கு இழுத்தன. முந்தைய ஆண்டு சந்தைக்கு வந்த பீட்டாமேக்ஸ் டெக்கில் டி.வி. நிகழ்ச்சியைப் பதிவு செய்து சாவகாசமாகப் பார்ப்பது பதிப்புரிமைத் திருட்டு என்பது வழக்கு. 1984 ஜனவரி 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் சோனி பக்கம், நான்கு பேர் எதிர்ப்பக்கம். ஒருவர் மனம் மாறியிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

குமரி மாவட்டத்தின் கருங்கல் வட்டாரத்துக்கு டெக் வந்தது வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பியவர்களின் பெட்டிக்குள். இங்கே அது வாடகைக் கேசட்டுக்கும் கல்யாண வீடியோவுக்கும்தான் பயன்பட்டது. நாடாவுக்கு ஒரு தீராத குறையும் இருந்தது: பதிவு ஓடும்போதே அதன் ஆரம்பத்தைப் பார்க்க முடியாது. அந்தக் குறையைத் தீர்க்கும் வழி, ஒரு மாபெரும் தோல்விக்குள் ஒளிந்திருந்தது.

1994 டிசம்பரில் டைம் வார்னர் நிறுவனம், ஃபுளோரிடாவின் ஒர்லாண்டோ நகரில் கேட்ட படத்தைக் கேட்ட நேரத்தில் காட்டும் கேபிள் சேவையைத் தொடங்கியது. வீட்டுக்கு வீடு கணினிக்கு நிகரான பெட்டி, செலவு கட்டுப்படியாகவில்லை. 1997-ல் மூடுவிழா. அதில் உழைத்த பொறியாளர் ஜிம் பார்ட்டன், சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனத்தில் உடன் பணியாற்றிய மைக் ராம்சேயுடன் அதே ஆண்டு தனிக்கடை போட்டார். வீட்டுச் சாதனங்களை எல்லாம் இணைக்கும் ஒரு சர்வர் என்பது முதல் திட்டம். அதை வாங்க யார் வருவார்கள்? திட்டத்தை உதறினார்கள், அதில் ஒரு துண்டு மட்டும் கையில் மிஞ்சியது.

அந்தத் துண்டு, ஹார்டு டிஸ்க். ஒரு பக்கம் எழுதிக்கொண்டே மறுபக்கம் படிக்கும். ஓடும் நேரலையை நிறுத்திவிட்டு, காபி குடித்து வந்து, விட்ட இடத்தில் தொடரலாம். அந்தோனி வுட் என்பவரும் 'ரீப்ளே டி.வி.' என்று இதே ஓட்டத்தில் இருந்தார். 1999 மார்ச் 31, அந்த மாதத்தின் இரண்டாவது பௌர்ணமி அன்று, பார்ட்டன் குழுவின் 'டிவோ' வெளியே வந்தது. விளம்பரங்களைத் தானே தாண்டும் வசதியைக் கொடுத்த ரீப்ளே டி.வி. மீது 2001-ல் வழக்குகள் பாய்ந்தன. 2003-ல் அதன் உரிமையாளர் நிறுவனமே திவால்.

இந்தியாவில் 2008-ல் இதே பதிவு வசதியோடு டாடா ஸ்கை பிளஸ் பெட்டி வந்தது. ஆனால் பெரும்பாலான வீடுகள் சாதாரணப் பெட்டியோடு நின்றுவிட்டன. தவறவிட்ட சீரியல் மறுஒளிபரப்பில் கிடைத்தது; பிறகு யூடியூபில் கிடைத்தது. பதிவுப் பெட்டியின் ஆயுள் அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. கண்காணிப்புக் கேமராக்களும் நாடாவை மாற்றி மாற்றி அல்லாடிக்கொண்டுதான் இருந்தன. அங்கேயும் ஹார்டு டிஸ்க் நுழைந்தது. நிறைந்ததும் பழையதை அழித்துத் தானே புதிதை எழுதிக்கொண்டது. நகைக்கடை, ஜவுளிக்கடை, பெட்ரோல் பங்க் என்று எங்கும் இன்று ஓடும் அந்தப் பெட்டிதான் டி.வி.ஆர். விவரம் தெரிந்த திருடர்கள் கல்லாவோடு அதையும் சேர்த்தே தூக்கிச் செல்கிறார்கள். சீரியல் பார்க்கப் பிறந்த கருவிக்கு நிரந்தர வேலை கொடுத்தது காவல் தொழில்தான்.