குதிர்

குதிர் என்பது மழைக்காலத்துக்கும் பஞ்சத்துக்குமாகத் தானியத்தை வீட்டுக்குள்ளேயே சேமிக்கத் தமிழ்நாட்டு உழவர் குடும்பங்கள் பயன்படுத்திய மண் கலம். களிமண்ணோடு வைக்கோல் துணுக்குகளைப் பிசைந்து உறைகளாக்கி, காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். மூட்டுகளைச் சாணமும் மண்ணும் கலந்து பூசி அடைப்பார்கள். தரை ஈரம் ஏறாதிருக்க அடியில் கல்லோ பலகையோ இருக்கும்.

அடிப்பகுதியில் உள்ள சிறு துளைதான் இதன் நுட்பம். துணி அடைப்பை உருவினால் நெல் தானாகச் சரிந்து முறத்தில் விழும். புது நெல்லை மேல்வாய் வழியே கொட்டுவதால் பழைய நெல்லே முதலில் செலவாகும். இன்றைய கிடங்குகள் விதியாக எழுதி வைத்திருப்பதை இங்கே புவியீர்ப்பே செய்துவிடுகிறது.

காயாத நெல் குதிருக்கு எமன். ஈரப்பதம் 14 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணமும் வண்டும் பெருகும். ஆகவே, பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடையும்வரை நெல்லைக் காயவைத்த பிறகே கொட்டினர். இடையிடையே வேப்பிலையும் நொச்சியும் போட்டனர். விதைநெல் இதில் சேராது; வைக்கோல் பிரி சுற்றிய கோட்டையில் தனியே இருக்கும். தஞ்சைப் பகுதியின் பெரிய வீடுகளில் மரப் பத்தாயம் இதே வேலையைச் செய்தது.

மழை அடுத்தடுத்துப் பொய்த்தால் வீட்டுக் குதிர் தாங்காது என்பதை 1876–78 தாது வருடப் பஞ்சம் காட்டியது. களத்திலேயே நெல்லை விற்கும் பழக்கமும் ரேஷன் அரிசியும் பரவிய பின் குதிர் வழக்கொழிந்தது.