மூளை ஆர்கனாய்டு

மூளை ஆர்கனாய்டு என்பது குருத்தணுக்களிலிருந்து ஆய்வகத்தில் வளர்க்கப்படும், மூளையின் அமைப்பை ஓரளவு ஒத்த முப்பரிமாண இழையத் திரள் ஆகும். நோயாளியின் தோல் உயிரணுக்களைக் குருத்தணுக்களாக மாற்றியும் இதனை வளர்க்கலாம்.

வரலாறு

பல மூளைப் பகுதிகளை ஒத்த ஆர்கனாய்டு வளர்க்கும் முறையை, வியன்னாவில் மேட்லின் லங்காஸ்டர், யூர்கன் நோப்லிக் ஆகியோரின் குழு 2013 இல் வெளியிட்டது. இவை சுமார் 4 மில்லிமீட்டர் வரை வளர்ந்தன.

நோய் ஆய்வு

சிறுதலை நோயை எலிகளில் சரிவர ஆராய இயலவில்லை. இந்நோயாளி ஒருவரின் உயிரணுக்களிலிருந்து இக்குழு வளர்த்த ஆர்கனாய்டுகள் சிறியனவாக இருந்தன. முன்னோடி உயிரணுக்கள் போதிய அளவு பெருகுமுன்பே நரம்பணுக்களாக மாறியமை இதற்குக் காரணமாகக் கண்டறியப்பட்டது. சிக்கா தீநுண்மி இவ்வகை முன்னோடி உயிரணுக்களைத் தாக்குவதும் 2016 இல் ஆர்கனாய்டுகள் மூலம் அறியப்பட்டது.

குறைபாடுகள்

இரத்தக் குழாய்கள் இல்லாமையால், ஆக்சிசன் எட்டாத மையப்பகுதி அழியும். இது கருவின் மூளையையே ஒத்திருப்பதால் முதுமைக்கால நோய்களை ஆராய்வது கடினமாகும்.