ஒன்பது வரிக் குறிப்பு: 'டூம்' நான்காம் பாகத்தை ஆக்கியவர்கள் யார்?

டேவிட் குஷ்னரின் 'மாஸ்டர்ஸ் ஆஃப் டூம்' (2003) வெளிவந்த பிறகு, ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அந்நூல் போட்டுத் தந்த வட்டத்துக்குள் நின்றே எழுதுகிறார்கள். இருவர் சேர்ந்து ஒரு பேரரசை எழுப்பினார்கள் என்பதுதான் நூலின் துணைத்தலைப்பே சொல்லும் செய்தி. நிரலின் தலைவர் ஜான் கார்மக், ஆட்டத்தின் தலைவர் ஜான் ரொமேரோ. 1993 டிசம்பர் 10 அன்று வெளியான 'டூம்' அந்த உறவின் உச்சம். 1996இல் 'குவேக்' முடிந்த கையோடு ரொமேரோ வெளியேறியது அதன் முறிவு. இடையில் வந்த ஆட்டங்களெல்லாம் இந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே உள்ள படிகளாகின்றன.

நேர்காணல்களைக் கொண்டு எழுதப்பட்ட நூல் அது. சம்பந்தப்பட்டவர்களின் குரலைப் பதிவு செய்ததில் அதற்கு ஈடாக வேறொன்று அன்று இல்லை. ஆனால் நேர்காணலில் யார் நிறையப் பேசுகிறாரோ அவரே வரலாற்றிலும் நிறைய இடம் பிடிக்கிறார். 'டூம்' முதல் மூன்று பாகங்களின் 27 லெவல்களில் 19 சாண்டி பீட்டர்சனின் கைபட்டவை. அவற்றில் எட்டு, 1993இல் நிறுவனத்தை விட்டுப் போன டாம் ஹால் தொடங்கிவைத்தவை. குஷ்னர் இவ்விருவரையும் அறியாதவர் அல்லர். அவர் கதையில் இவர்கள் துணைப் பாத்திரங்கள், அவ்வளவுதான். விளையாட்டை வாங்கியவர்கள் தாங்களே லெவல் செய்து பரப்பிய செய்தியையும் அவர் சொல்கிறார். ஆனால் அது கார்மக்கின் பெருந்தன்மைக்குச் சான்றாக வருகிறது. ஆட்டத்தின் தரவை 'வாட்' என்ற தனிக் கோப்பில் வைத்து, யாரும் மாற்றலாம் என்று விட்டது கார்மக் தந்த கொடை, பெற்றுக்கொண்டவர்கள் ரசிகர்கள். கொடுத்தவர் பக்கமே பார்க்கும் இந்த வாசிப்பில், ரசிகர்களிடமிருந்து நிறுவனத்துக்குத் திரும்பி வந்தது என்ன என்ற கேள்வி எழுவதில்லை.

அக்கேள்வியை எழுப்ப ஏற்ற இடம் 1995இல் வந்த 'தி அல்டிமேட் டூம்'. முதல் மூன்று பாகங்களோடு 'தை ஃபிளெஷ் கன்ஸ்யூம்டு' என்ற நான்காம் பாகத்தையும் சேர்த்து, ஜிடி இன்டராக்டிவ் கடைகளில் விற்ற பதிப்பு அது. முன்பே அஞ்சலில் வாங்கியவர்களுக்கு இலவச இணைப்பாகவும் கிடைத்தது. கதைப்படி இப்பாகம் 'டூம்', 'டூம் 2' இரண்டுக்கும் இடைப்பட்டது. இறுதி உரை, கதாநாயகன் வளர்த்த டெய்ஸி என்ற முயலின் சாவைச் சொல்லிப் பூமிப் போருக்கு அழைத்துச் செல்கிறது. ஆனால் ஆக்கப்பட்ட வரிசை வேறு: 'டூம் 2' 1994 அக்டோபரிலேயே கடைக்கு வந்துவிட்டது. பின்னால் வந்ததாயினும் 'டூம் 2'வின் இரட்டைக்குழல் துப்பாக்கியோ புதிய அரக்கர்களோ இதில் இல்லை. புதிய இசையும் இல்லை. பாபி பிரின்ஸ் முன்பு அமைத்த மெட்டுகளே திரும்ப ஒலிக்கின்றன. புதிதாக வந்தவை ஒன்பது லெவல்கள், ஒரு செம்மஞ்சள் வானம், இன்னும் சில்லறை. 1.9 பதிப்பின் தரவுக்கோப்பு 1,11,59,840 பைட். அல்டிமேட் பதிப்பின் கோப்பு 1,24,08,292 பைட். வேறுபாடு 12,48,452 பைட்தான்.

இந்தச் சிறு கூடுதல் யாருடைய வேலை? இங்கேதான் நான் நின்று பார்க்க விரும்பும் சான்று வருகிறது. 1997 டிசம்பரில் கார்மக் 'டூம்' மூலநிரலை வெளியிட்டார். அதில் ஒலியைக் கையாளும் எஸ்_சவுண்ட்.சி என்ற கோப்பில், நான்காம் பாகத்துக்கு எந்த லெவலில் எந்தப் பழைய மெட்டு ஒலிக்க வேண்டும் என்று ஒன்பது வரிகளில் ஒரு பட்டியல் இருக்கிறது. கணினிக்குத் தேவை மெட்டின் பெயர் மட்டுமே. ஆனால் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் யாரோ ஒருவர் மனிதர்கள் படிக்கவென்று குறிப்பு எழுதியிருக்கிறார். மேலே மூன்று தலைப்புகள்: பாட்டு, யார், எங்கே. கீழே வரிசையாக: முதல் லெவல் அமெரிக்கன், இரண்டாவது ரொமேரோ, மூன்றாவது ஷான், நான்காவது அமெரிக்கன், ஐந்தாவது டிம், ஆறாவது ரொமேரோ, ஏழாவது ஜே. ஆண்டர்சன், எட்டாவது ஷான், ஒன்பதாவது டிம்.

அமெரிக்கன் மெக்கீ, ஷான் கிரீன், டிம் வில்லிட்ஸ் ஆகியோரைக் கண்டுகொள்வது எளிது. கணக்கு நேரானது: ஒன்பதில் ரொமேரோவுக்கு இரண்டு, கார்மக்குக்கு ஒன்றுமில்லை, பீட்டர்சனுக்கும் ஒன்றுமில்லை. குஷ்னரின் இருவர் இங்கே ஒன்பதில் இரண்டு பங்காகச் சுருங்குகிறார்கள்.

ஏழாவது வரியில் மட்டும் ஒரு கூடுதல் சொல் இருக்கிறது: 'கைரன்.வாட்'. மற்ற எட்டு வரிகளிலும் கோப்புப் பெயர் எதுவும் இல்லை. ஜான் ஆண்டர்சன் 'டாக்டர் ஸ்லீப்' என்ற புனைபெயரில் லெவல் செய்து பரப்பிய ரசிகர். நிறுவன ஊழியர் அல்லர். தாந்தேயின் நரகப் பயணத்தை வைத்து அவர் ஒரு தொடர் செய்துவந்தார். தாந்தேயின் வாயில், அக்கெரோன் ஆறு, வெர்ஜில், மினோஸ், நெஸ்ஸஸ், கெரியோன் என அதன் பெயர்கள் பெரும்பாலும் அக்காவியத்திலிருந்து வந்தவை. கைரன் அக்காவியத்தின் 12ஆம் காண்டத்தில் வரும் குதிரையுடல் காவலன். நெஸ்ஸஸை வழிகாட்டியாக அனுப்புபவனும் அவனே. 1995 டிசம்பரில் ஐடி வெளியிட்ட 'மாஸ்டர் லெவல்ஸ் ஃபார் டூம் 2' தொகுப்பில் வெர்ஜில், மினோஸ், நெஸ்ஸஸ், கெரியோன், வெஸ்பராஸ் ஆகிய ஐந்தும் ஆண்டர்சன் பெயரில் உள்ளன. மினோஸுக்கும் நெஸ்ஸஸுக்கும் இடையில் நிற்க வேண்டிய கைரன் அங்கே இல்லை. நான்காம் பாகத்தின் ஏழாவது லெவலாக இருக்கிறது.

இக்குறிப்பை எவ்வளவு தூரம் நம்பலாம்? வெளியான மூலநிரல் மூல டாஸ் பதிப்பு அன்று. டாஸ் பதிப்பின் ஒலி நூலகம் வேறொருவரின் காப்புரிமைக்கு உட்பட்டது என்பதால், லினக்ஸ் வடிவத்தை பெர்ண்ட் கிரைமையர் சீர்செய்து கொடுக்க, அதையே கார்மக் வெளியிட்டார். ஆக, குறிப்பு பிற்காலக் கையின் இடைச்செருகலாக இருக்கலாம் என்ற ஐயம் நியாயமானது. அது ஒலிக் கோப்பில் இருப்பதால் ஐயம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. ஆயினும் இது உள்வீட்டுக் கை என்றே கருதுகிறேன். வெளியாள் ஒருவர் 1997இல் பெயர் சேர்த்திருந்தால் முழுப்பெயர் எழுதியிருப்பார். இங்கே ஷான், டிம் என்று கூப்பிடும் பெயர்கள் இருக்கின்றன. அந்நியராக எழுதப்பட்டவர் ஆண்டர்சன் ஒருவரே: தலைப்பெழுத்தும் குடும்பப் பெயரும். அலுவலகத்தில் ஜான்கள் அதிகம் என்பதால் குடும்பப் பெயர் தேவைப்பட்டது என்று மறுக்கலாம். அதே காரணத்தால்தான் ரொமேரோவும் குடும்பப் பெயரால் வருகிறார். ஆனால் அவருக்குத் தலைப்பெழுத்து தேவைப்படவில்லை. வில்லிட்ஸும் ரசிகராக லெவல் செய்துவந்து 1995இல் ஐடியில் சேர்ந்தவரே. அவரை 'டிம்' என்று மட்டும் சுட்டுவதால், குறிப்பு எழுதப்பட்டபோது அவர் வீட்டாளாகிவிட்டார் எனலாம். அவருடைய இரண்டு லெவல்களும் அதற்கு முன்பே ஆனவையா என்பதற்கு இவ்வரிகளில் விடையில்லை.

'யார்' என்ற தலைப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. அது லெவலை ஆக்கியவரைக் குறிக்கிறதா, மெட்டைத் தேர்ந்தவரையா? இரண்டும் ஒருவராகவே இருந்தால் சிக்கல் இல்லை. பெயர்கள் லெவல்களை ஆக்கியவர்களோடு ஒத்துப்போவதால் முதல் பொருளையே கொள்கிறேன். இரண்டாவதை விலக்க வலுவான காரணம் இல்லை.

காலமும் முடிவாகவில்லை. தொடரின் தொடக்கப் பகுதிகள் முதல் 'டூம்'முக்காகவும், வெர்ஜில் முதலானவை 'டூம் 2'வுக்காகவும் ஆனவை. கைரன் முதல் வகையில் முன்பே முடிந்திருந்ததா, ஐடி கேட்ட பிறகு பழைய வடிவத்துக்கென்றே செய்யப்பட்டதா என்பதை ஒற்றைக் கோப்புப் பெயர் சொல்லாது. அது சொல்வது ஒன்றே: பாகத்துக்குள் வருமுன் அதற்குத் தனிப் பெயரும் வேறொரு தொடரில் இடமும் இருந்தன.

அந்தப் பெயர் பின்னர் நீக்கப்பட்டது. ஏழாவது லெவலின் அச்சுப் பெயர் 'அண்ட் ஹெல் ஃபாலோடு', விவிலியத் திருவெளிப்பாடு 6:8இலிருந்து வந்தது. பாகத்தின் பெயர் நீதிமொழிகள் 5:11இலிருந்து; ரொமேரோவின் இரண்டு லெவல்களும் 139ஆம் சங்கீதத்திலிருந்து பெயர் பெற்றவை. பல கைகளில் பிறந்தவற்றுக்கு ஒரே நூலிலிருந்து பெயர் சூட்டி ஒருமை காட்டியிருக்கிறார்கள். நம் தொகை நூல்களுக்குப் பாடியவர், தொகுத்தவர், தொகுப்பித்தவர் என்று மூவரைத் தனித்தனியே சொல்வதுபோல, இப்பாகத்துக்கும் மூன்று நிலைகளைப் பிரித்துப் பேசினால்தான் குழப்பம் தீரும். ஆக்கியவர் ஐவர், தொகுத்தது ஐடி, தொகுக்கத் தூண்டியது கடை விற்பனை.

இதனால் ரொமேரோவின் பங்கு சிறுத்துவிடாது. ஆறாவது லெவலில் சைபர்டீமன் செத்தால் கதவு திறக்க வேண்டும்; அதற்கென்றே நிரலில் தனி விதி எழுதப்பட்டிருக்கிறது. எட்டாவது லெவலின் சிலந்தித் தலைவிக்கும் அப்படியொரு விதி உண்டு. பழைய சரக்கை மூட்டை கட்டி விற்ற பதிப்பு என்று நான்காம் பாகத்தைத் தள்ளுவோருக்கு இதுவே விடை. இரண்டாவது லெவலின் கடுமையை ஆடிப் பார்த்தவர்கள், அக்காலத்து ரொமேரோ வேலையை மறந்துவிட்டிருந்தார் என்ற சித்திரத்தையும் அப்படியே ஏற்கமாட்டார்கள்.

குஷ்னரின் இருவர் கதை 'டூம்' எஞ்சினின் வரலாற்றுக்கு ஓரளவு போதும். லெவல்களின் வரலாற்றுக்குப் போதாது. ரசிகர்களின் ஆக்கங்களை 1995 டிசம்பரில் 'மாஸ்டர் லெவல்ஸ்' வெளிப்படையாக விலைக்கு வைத்தது. அதே ஆண்டில் அதற்கு முன்பே, பெயர் மாற்றி, சத்தமில்லாமல் அல்டிமேட் டூம் அதைச் செய்துவிட்டது. ஆட்டங்களின் வரலாற்றை எழுத வருவோர் நேர்காணல்களோடு மூலநிரலின் ஓரக் குறிப்புகளையும் படிக்க வேண்டும்.